வலது நுரையீரலில் வளைகுடா

தலைத்துணியில் குத்துகிற ஊசி நெஞ்சுக்குள் போன மறுநாளிலிருந்து, தென்காசியில் ஷிஃபா என்கிற பதினொரு வயதுப் பெண் மூச்சு விடும்போதெல்லாம், அவள் தெருவிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஆண்கள் அங்கே பேசுகிற பேச்சு இங்கே கேட்டது. போனில் பேசுகிற பேச்சு இல்லை. போனை வைத்த பிறகு பேசுகிற பேச்சு.

ஊசி போனது குற்றாலத்தில். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் செய்கிற மாதிரி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலைத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தம்பி ஹம்தான் கையிலிருந்த பஜ்ஜியை ஒரு குரங்கு பிடுங்கி, சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றது. ஷிஃபா சிரித்தாள். சிரிப்பு வெளியே வர, ஊசி உள்ளே போயிற்று. கொஞ்சம் இருமினாள். ஊசி கீழே விழுந்து தண்ணீரோடு போயிருக்கும் என்று வேறொன்றை எடுத்துக் குத்திக்கொண்டாள். வீட்டில் சொல்லவுமில்லை.

முதலில் கேட்டது அவள் உம்மா ஜாஹிரா பீவிதான். இருமலுக்குத் தைலம் தேய்க்கும்போது பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து, "இன்னைக்கும் குப்பூஸ் ரொட்டியும் தண்ணியுந்தானாலே?" என்று கணவர் மைதீன் யாரிடமோ கேட்டார். சற்று முன்புதான் போனில் பிரியாணி தின்றதாகச் சொல்லியிருந்தார். ஏசி வண்டி ஓட்டுவதாகச் சொன்னவர் மூட்டை தூக்குகிறார் என்பதும், முட்டி வீங்கியிருக்கிறது என்பதும் அந்த வாரமே தெரிந்தது. மறைக்கிற மனிதரைக் கேட்டுக் கூசவைக்க வேண்டாம் என்று ஜாஹிரா விட்டுவிட்டாள். பிள்ளையின் இருமலை அவளும் அவரிடம் சொல்லவில்லை.

தெருவில் பெண்கள் முறுக்கும் சேவும் வாங்கிக்கொண்டு வந்து காது வைத்தார்கள். பக்கத்து வீட்டு செண்பகவல்லியின் கணவர் கடற்கரை என்பவர் குவைத்தில் இருந்தார். "ஏட்டி ஷிஃபா, நல்லா இழுத்து விடு" என்று கேட்டிருந்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "இங்கன ஒரு டம்ளரைக் கழுவ மாட்டாரு மைனி. அங்கன பாட்டுப் பாடிக்கிட்டு ஊரான் சட்டைக்கெல்லாம் சோப்பு போடுதாரு!"

சாரல் முடிந்தது, பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தது. ஷிஃபாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, பிறகு விடவே இல்லை. டாக்டர் கிருபா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "வலது பக்கம் கீழ காத்து சரியாப் போகல. ஒருத்தர் டீ கேக்காரு" என்றார். எக்ஸ்ரேயில் ஊசி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. குழாய் விட்டு எடுக்க வேண்டும், விட்டுவைத்தால் அந்தப் பக்க நுரையீரல் கெட்டுவிடும் என்றார்.

"ஒரு வாரம் பொறுங்க மைனி. எங்க வீட்டுக்காரருக்கு வேலை போகப்போற மாதிரி பேச்சு, பாதிதான் கேட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

"எடுக்க வேண்டாம் உம்மா" என்று ஷிஃபாவும் அழுதாள். "எடுத்துட்டா வாப்பா நெசத்துல எப்படி இருக்காங்கன்னு யாரு சொல்லுவா?"

ஜாஹிராவுக்கும் அதே கேள்விதான். பிள்ளையின் நெஞ்சில் ஒருமுறை காது வைத்தாள். மைதீன் படி ஏறும் முனகல் கேட்டது. அதற்கு மேலாகப் பிள்ளையின் இளைப்பு கேட்டது. தலையைத் தூக்கி, "எடுத்துருங்க டாக்டர்" என்றாள்.

மயக்கம் கொடுத்து, முனையில் கேமரா வைத்த, பென்சிலைவிட மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். மூச்சுக்குழல் பிரிகிற இடங்களிலெல்லாம் அது வளைந்து வளைந்து இறங்கியது. குழாய்க்குள்ளிருந்து நீண்ட சின்னஞ்சிறு இடுக்கி ஊசியின் கூர்முனையைப் பிடித்து, எங்கும் கிழிக்காமல் கொண்டுவந்தது. டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு. பிள்ளை நல்லா இருக்கா. எடுக்கும்போது ஒருத்தர் பேசிட்டிருந்தாரு, பாதியில நின்னு போச்சு" என்றார்.

சாயங்காலம் மைதீன் போன் செய்தார். வழக்கம்போல நல்லா இருக்கேன் என்றார், ஆட்டுக்கறி போட்ட மந்திச் சோறு சாப்பிட்டேன் என்றார். பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். ஜாஹிரா கட்டிலில் தூங்குகிற மகளைப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. ஷிஃபா நெஞ்சுக்குள்ள ஊசி போயி, மாசக்கணக்கா இருமிக்கிட்டு கிடந்தா. இன்னைக்குத்தான் எடுத்தாங்க. இப்ப சுகம்."

அந்தப் பக்கம் மைதீன் முனகிக்கொண்டு உட்காருவது கேட்டது.

"எனக்கு முட்டி தேஞ்சிட்டுது ஜாஹிரா. வண்டியெல்லாம் ஓட்டல. மூட்டைதான் தூக்குதேன்."

"தெரியும். வந்துருங்க."

"எப்படித் தெரியும்?"

"புள்ள நெஞ்சுல கேட்டுச்சு."

"அப்படியா" என்றார் மைதீன். கொஞ்சம் யோசித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் இறங்கினால் தென்காசிக்குக் காலையில் பஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்.