பனைமரத்துக்கு நேராக

மூங்கிலில் கட்டிய புடவை காற்றில் உப்பியதும் தோணி தானாக நகர ஆரம்பித்தது. பிள்ளைகள் மூன்றும் ஓவென்று கத்தின.

"பாத்தியா? பாய் கட்டுனா துடுப்பே வலிக்க வாணாம்," என்றான் சின்னப்பையன். தோணியின் பின்முனையில், திருப்புகிற துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

"முந்தாநாளு ஒரே ஒரு தபா கட்டுன பொடவ. கியிஞ்சா தெரியும் சேதி," என்றாள் அவன் மனைவி கெங்கம்மாள்.

"கியிஞ்சா பூந்தமல்லி சந்தையில வேற வாங்கித் தரேன். இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

மூஞ்சியைத் தூக்கியதெல்லாம் வெறும் பாவனை. தன் பொங்கல் புடவை ஏரிக்கு நடுவில் சிவப்பாகப் பறப்பதை ஊரே பார்க்கிறதே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

அன்று காணும் பொங்கல். யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அந்த வருஷத்து மழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் தளும்பியது. மற்ற நாளில் மீன் பிடிக்கிற தோணியில் இன்று பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுற்றினான் சின்னப்பையன். முன்முனையில் பாய்க்கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன் சிநேகிதன் லோகநாதன். லோகநாதனின் மனைவி குப்பம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயம். கரையிலிருந்த ஒற்றைப் பனையடியில் சோற்று மூட்டைக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டாள். நடுவில் கெங்கம்மாளின் எட்டு வயது மகள் வேம்புலி, ஐந்து வயது மகன் சம்பத்து, லோகநாதனின் சின்ன மகள் அன்னம். போகும்போது துடுப்பு வலித்துப் போனார்கள். திரும்பும்போது கீழைக்காற்று கொண்டுபோய் விட்டுவிடும்.

"நைனா, கண்ண மூடிக்கினு ஓட்டு!" என்றான் சம்பத்து.

அது அவர்களுடைய ஆட்டம். கண்ணை மூடியபடியே தோணியைப் பனைமரத்துக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் நைனாவுக்கு ஒரு கரும்புத்துண்டு. தோற்றால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று.

"காத்து பொடனியில பட்டா பனமரம். காதுல பட்டா தப்பு. அவ்ளோதான் வித்த," என்று சொல்லிச் சின்னப்பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

காலையிலிருந்து நெஞ்சைக் கரிக்கிறதென்று இஞ்சியை மென்றுகொண்டிருந்தான். மூன்று நாளாகப் பொங்கலும் கறியுமாக வெட்டினால் கரிக்காமல் என்ன செய்யும் என்று கெங்கம்மாள்தான் கேலி பண்ணினாள். இப்போது அவன் முழங்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வெயில் உறைக்கவில்லை. தோணிக்கு அடியில் தண்ணீர் களக் களக் என்று என்னவோ பேசிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கையைத் தண்ணீரில் விட்டுக் கோடு இழுத்தன. தூரத்தில் ஒரு நீர்க்காகம் முங்கியது. அது எங்கே எழும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் செருகியது. இந்த ஜன்மத்துக்கு இது போதும் என்று தோன்றியது.

காற்று காதில் பட்டது.

திரும்பிப் பார்த்தாள். சின்னப்பையன் பின்கட்டையில் சாய்ந்திருந்தான். கண் மூடியே இருந்தது. உதட்டோரத்தில் இஞ்சிச் சக்கை. துடுப்பு கக்கத்திலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கையைத் தொட்டாள், வேர்வையில் சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். வைத்தபடியே வெகுநேரம் இருந்தாள்.

அலறல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கத்தினால் பிள்ளைகள் மூன்றும் நைனாவிடம் ஓடிவரும். லோகநாதன் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்திருப்பான். தண்ணீருக்கு மேல் தோணியின் விளிம்பு நாலு விரற்கடைதான். கீழே இரண்டு ஆள் ஆழம். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அவன் கையோடு சேர்த்துத் துடுப்பை இறுக்கிப் பிடித்தாள். மெல்லத் திருப்பினாள். காற்று பிடரிக்கு வந்தது.

கரை வந்தால் ஊர் வரும். வளையலை உடைக்கக் கிழவிகள் வருவார்கள். கரையே வராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று இருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா இது! ஆனாலும் நினைத்தாள்.

"இன்னா மச்சான், சத்தமே காணோம்?" பாய்க்கு அந்தப் பக்கமிருந்து லோகநாதன் குரல் கொடுத்தான். "கர வருது. எப்ப பாய எறக்கணும்னு நீதானே சொல்லணும்?"

கெங்கம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். பத்து வருஷமாக அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் என்ன, கோயில் அர்ச்சனை என்ன, பக்கத்திலிருப்பவரைத்தான் சொல்லச் சொல்வாள்.

"அண்ணாத்தே," என்றாள். "சின்னப்பையன் சொல்ல மாட்டாரு. நீங்களே பாத்து எறக்குங்க."

"ஐய்! அம்மா நைனா பேர சொல்ட்ச்சி!" என்று வேம்புலி கைகொட்டிச் சிரித்தாள்.

லோகநாதன் குனிந்து பாய்க்கு அடியில் பார்த்தான். கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தான். துடுப்பிலிருந்த அவள் கையைப் பார்த்தான். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"சரி தங்கச்சி," என்றான். பிறகு பிள்ளைகளிடம், "யாரும் ஏந்திரிக்கக் கூடாது. கத்துனா ஆட்டம் தப்பு, ஆமா," என்றான்.

மூன்றும் வாயைப் பொத்திக்கொண்டன. பனைமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. குப்பம்மா எழுந்து நின்று கையை ஆட்டினாள். ஒருவரும் பதிலுக்கு ஆட்டவில்லை. லோகநாதன் கயிற்றைத் தளர்த்தினான். புடவை சரிந்து பிள்ளைகளின் தலைமேல் விழுந்து மூடியது. உள்ளே அவை கிளுகிளுவென்று சிரித்தன. பனைமரத்துக்கு நேராகத் தோணி சேற்றில் ஏறி நின்றது.

"நைனா கெலிச்சிட்டாரு!" சம்பத்து புடவையை விலக்கிக்கொண்டு வந்தான். அரைஞாணில் செருகியிருந்த கரும்புத்துண்டை உருவி, சட்டையில் துடைத்து, நைனாவின் உள்ளங்கையில் வைத்தான். அது உருண்டு விழப் பார்த்தது. விழாமல் இருக்க விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

"கர வந்தாச்சி நைனா, கண்ண தொற," என்றான்.

கெங்கம்மாள் இன்னும் துடுப்பை விடவில்லை.