யார் மேல சந்தேகம்?

புவனேஸ்வரன் சாருக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் நடத்துகிறார். இருபத்திரண்டு வருடமாகப் பேசுகிறார். அவர் வகுப்பில் தூங்கிய பிள்ளைகள் விழித்து, பட்டம் வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார்கள். சார் இன்னும் பேசி முடிக்கவில்லை.

போன பருவத்தில் மாணவர்கள் அவருக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் போட்டார்கள். அதன் பலனாக, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து விருந்தினர் பங்களாவில் மூன்று நாள் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். நடத்துபவர் டாக்டர் சசிரேகா. சாரைவிடப் பதினைந்து வயது இளையவர். சிரித்த முகம், நேரம் முடிந்ததும் அடிக்கக் கையில் ஒரு சின்ன மணி.

பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். அதற்குள் ஒரு மாணவராவது தானாகவே பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இல்லையென்றால் ஃபெயில். சார் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயிலாகிவிட்டார். இன்று மூன்றாவது. இதிலும் கோட்டை விட்டால் முதலாண்டு மண் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும். சார் அலுவலகத்தில் உட்கார்ந்து கால அட்டவணை போட வேண்டியதுதான். அந்த வகுப்பு என்றால் அவருக்கு உயிர். அதை உருப்படியாக நடத்தத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பதற்றம் வந்தால் சாருக்குப் பசிக்கும். காலையில் ஆளில்லாத சாப்பாட்டு அறையில், மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பாடத்தை ஒத்திகை பார்த்தார். முடித்தபோது மனசு கொஞ்சம் லேசாகவும் வயிறு கொஞ்சம் கனமாகவும் இருந்தது.

அன்றைக்குப் பார்த்து மாணவர்களாக உட்கார வேண்டிய சக விரிவுரையாளர்கள் யாரும் இல்லை. பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்குக் காய்கறி வாங்கப் போன அவர்களுடைய வேன், விடுமுறை நெரிசலில் நகராமல் நின்றுவிட்டது. சசிரேகா அசரவில்லை. நேரே பின்கட்டுக்குப் போய் மூன்று பேரைக் கூட்டி வந்தார். சமையலுக்குப் பொறுப்பான ருக்குமணி, அறைகளைக் கூட்டும் துளசி, தேநீர் குடிக்க வந்த கங்காணி வேலப்பன்.

“இவங்கதான் இன்னிக்கு ஸ்டூடண்ட்ஸ். தமிழ்லயே நடத்துங்க சார்” என்றார்.

சார் ஆரம்பித்தார். மழை பெய்தால் மலைச்சரிவு ஏன் சரிகிறது என்பது பாடம். மண்துகள், நீரழுத்தம், உராய்வு, கோணம் என்று மூச்சு விடாமல் எட்டு நிமிடம். மூவரும் தலையாட்டினார்கள். அவர் எச்சில் விழுங்க நிறுத்திய இடத்தில்கூட வேலப்பன் இரண்டு தடவை கூடுதலாக ஆட்டினார்.

“சந்தேகம் இருக்கா?” என்று சார் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிற கேள்விதான்.

சசிரேகா கடிகாரத்தைப் பார்த்தார். சாருக்கு நெற்றி வியர்த்தது, அந்தக் குளிரிலும்.

“யாருக்காவது சந்தேகம் இருந்தா பயப்படாம சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

ருக்குமணி துளசியைப் பார்த்தாள். துளசி கூரையைப் பார்த்தாள். ருக்குமணி எழுந்தாள்.

“இருக்குங்க சார்.”

சாருக்கு உயிர் வந்தது. “சொல்லுங்கக்கா, சொல்லுங்க!”

“உங்க மேலதான் சார்.”

“என் மேலயா?”

“காலையில உருளைக்கிழங்கு மசாலா வச்சு முப்பது கறிபாப் சுட்டு மேசையில வச்சேன். ஆறு காணோம். அந்தப் பக்கம் போனது நீங்க மட்டும்தான் லா.”

சசிரேகா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சாரின் காது சிவந்துவிட்டது.

“அக்கா, நான் கேட்டது பாடத்துல சந்தேகம்!”

“பாடத்து மேல எனக்கென்ன சார் சந்தேகம்? அது என்னத்தத் திருடிச்சு?”

சார் வாயை மூடினார். அப்படி அவர் மூடியதை சசிரேகா மூன்று நாளில் முதன்முதலாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக எத்தனை வகுப்பில் இந்தக் கேள்வியை வீசியிருக்கிறேன், பிள்ளைகள் போலீஸ் விசாரணைக்கு வந்தவர்களைப் போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார்களே என்று சார் நினைத்தார். வெட்கமாக இருந்தது. கறிபாப்புக்காக மட்டும் இல்லை.

“நாலு எடுத்தேன்” என்றார் மெதுவாக.

“ஆறு சார்.”

வேலப்பன் தொண்டையைச் செருமினார். “மிச்சம் ரெண்டு நான்தாம்மா.”

சிரிப்பு அடங்கியபோது அரை நிமிடம்தான் பாக்கி. சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்தார். “அக்கா, நான் இவ்வளவு நேரம் பேசினதுல எதுவாச்சும் உங்களுக்கு இடிச்சுதா?”

“இடிச்சுது சார். சொன்னா தப்பா நினைக்கக் கூடாது.” ருக்குமணி முந்தானையை இடுப்பில் செருகினாள். “மழை பேஞ்சா சரியும்னீங்க. எங்க லைன் வீடுங்களுக்குப் பின்னாடி இருந்த மேடு மழையில விழல. மழை விட்டு மூணாம் நாள், நல்ல வெயில்ல விழுந்துச்சு. அது ஏன் சார்?”

சசிரேகாவின் கை மணியின் மேல் இருந்தது. அவர் அடிக்கவில்லை.

சாருக்கு அரைமணி நேரப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். “மழை விட்டதும் மேல ஊறின தண்ணி எங்க போகும்க்கா?”

“உள்ளதான் இறங்கும்.” அவள் யோசித்தாள். “சோத்தை வடிச்சு நிமுத்தின பிறகும் அடியில கஞ்சி ஊறி நிக்குமே, அந்த மாதிரியா?”

“அதேதான்!”

“அப்ப மழை விட்டுருச்சுன்னு நம்பக் கூடாது. நாலஞ்சு நாளைக்குப் பிள்ளைங்கள அந்தப் பக்கம் விளையாட விடக் கூடாது.”

“மேட்டுல வெடிப்பு தெரியுதான்னும் பாக்கணும்” என்றார் வேலப்பன். “நான் இன்னிக்கே போய்ப் பாக்குறேன்.”

சசிரேகா மணியை அடித்தார். “சார், நீங்க பாஸ்” என்றார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கக்கூட இல்லை.

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. வகுப்பு முடிந்துவிட்டது. கோலாலம்பூரில் அவருடைய மாணவர்கள் மணி அடிக்கும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். சார் பழக்கதோஷத்தில் வழிவிட்டு எழுந்து நின்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

“உக்காருங்க சார்” என்றாள் துளசி. அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசாதவள். “எனக்கு ஒரு சந்தேகம். பாடத்து மேலதான்.”