கோதுமை ஆகாத பிள்ளை

ஐந்தருவிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்கள் செல்வியின் முதுகை வாசித்தார்கள். மஞ்சள் பனியனில் முன்னும் பின்னும் கறுப்பு எழுத்து: ‘எனக்குக் கோதுமை, மைதா, ரவை ஆகாது. தின்ன எதுவும் தராதீர்கள்.’ தென்காசியில் அதை அச்சடித்த முத்துகுமரன், “இது எந்தக் கட்சிக்கு, அக்கா?” என்று கேட்டிருந்தான். செல்வியின் அம்மா உமா மகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசித்தவர்கள் சும்மா போயிருக்கலாம். சிப்ஸ் கடைக்காரர், “ஆகாதுன்னா சொறி வருமா தாயி?” என்றார். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, “கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்க, சரியாயிரும்” என்றாள். உமா ஒவ்வொருவருக்கும் விளக்கினாள். சீலியாக் என்று பேர். பழக்கினால் போகாது. கோதுமை துளி உள்ளே போனாலும் உடம்பே தன் குடலை அரித்துவிடும். ஆயுசுக்கும் இப்படித்தான். அவள் முடிப்பதற்குள் அவர்கள் அருவியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

“யம்மா, எல்லாரும் என்னையவே பாக்காங்க. இந்தச் சட்டை எனக்கு வேண்டாம்” என்றாள் செல்வி. எட்டு வயசுக்கு ஐந்து வயசின் உடம்பு.

“பேசாம வாட்டி.”

சொன்ன பிறகு நெஞ்சு உறுத்தியது. இந்தச் சட்டை வழிப்போக்கர்களுக்காகவா? இல்லை என்பது உமாவுக்குத் தெரியும். ஆறு மாதமாகப் பத்தியம் காத்தும் போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் அளவு இறங்கவே இல்லை. “வீட்டுல யாரோ தெரியாமக் குடுக்காங்க” என்றார் திருநெல்வேலி டாக்டர். பள்ளிக்கூடம் விட்டதும் செல்வி போவது கணவனின் அக்கா பேராச்சி வீட்டுக்கு. பேராச்சியிடம் நேராகக் கேட்க உமாவுக்கு நாக்கு எழவில்லை. கேட்க முடியாததைப் பிள்ளையின் முதுகில் எழுதிவிட்டாள்.

உமாவின் கணவனும் பேராச்சியும் கூட வந்திருந்தார்கள்; சமையலறையோடு கூடிய அறையைத்தான் லாட்ஜில் எடுத்திருந்தார்கள். ஈரத் தலையோடு உமா உள்ளே வந்தபோது பேராச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பொட்டலங்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது.

“ஏட்டி உமா, இங்கன வா. சட்டையில எழுதிப் போட்டிருக்கியேன்னு ஒவ்வொண்ணாப் படிச்சுப் பாக்கேன். இதுல என்னமோ போட்டிருக்கான். எழுத்து எறும்பு மாதிரி இருக்கு.”

பெருங்காய டப்பா. உமா ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கோந்து. கோதுமை மாவு. அதற்கு அப்புறம்தான் பெருங்காயம்.

“இது எங்கன இருந்து எடுத்தீங்க மதினி?”

“நீ கொண்டாந்த பையிலதான்.”

அரிசி மாவுக்குத் தனிச் சல்லடை, தனித் தோசைக்கல். மில்லில் கோதுமை அரைத்த மெஷினில் போடாதே என்று சண்டை. கல்யாண வீடுகளில் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டி வந்தது. இத்தனையும் செய்துவிட்டு, தினம் ரசத்திலும் சாம்பாரிலும் மோரிலும் அவளே ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாள். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைப் போட இப்போது இடமில்லை.

“நல்ல வேளை, சாம்பார்ல இன்னும் போடல” என்றாள் பேராச்சி. “வீட்டுல நீ எதைப் போடுத?”

வேறு ஒரு பேரைச் சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

“இதையேதான்.”

பேராச்சி கண்ணாடியைக் கழற்றினாள். அருவிச் சாரல் ஜன்னல் கம்பியில் தெறித்தது.

“அப்போ என் மேலதான் சந்தேகப்பட்டிருக்க.”

உமா தலை குனிந்தாள்.

“உன் முகத்தைப் பாத்தாலே தெரியாதாட்டி? பிள்ளைக்குன்னு தனியா முறுக்கு மாவு அரைச்சு வச்சிருந்தேன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டிருக்கணும் மதினி.”

பேராச்சி எழுந்தாள். செல்வியைக் கூப்பிட்டு, பெருங்காயம் போடாத சாம்பாரை ஊற்றிச் சோறு போட்டாள். “வாசனை இருக்காது. தின்னு.” உமா பக்கம் திரும்பாமலே தன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட வெளியே போனாள்.

உமா தரையில் உட்கார்ந்து மற்றப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மிளகாய்த்தூள். சாம்பார் பொடி. மூன்றாவது உறையில், மடிப்பு விழுந்த இடத்தில், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற வரி அழிந்து கிடந்தது.