இரும்பின் மறதி

"அக்கா, ரெண்டாவது தடவ தூக்கும்போதும் சேதம் பூஜ்ஜியத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. இது சரியா?" என்று கேட்டு, பக்கத்து மேசைப் பெண் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அவள் காட்டியது நான் எழுதிய நிரல். சுமை ஏறினால் கிரேன் கொக்கியின் இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்வது அது. கொக்கியைப் பல்லாயிரம் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இதுவரை பட்ட சேதத்தை வைத்துக்கொள்ள ஒரு சின்ன இடம் கொடுப்போம். நிலை மாறி என்று அதற்குப் பெயர். பழைய சேதத்தை அதிலிருந்து எடுத்து, புதியதைக் கூட்டி, திரும்ப அங்கேயே வைக்க வேண்டும். நான் எடுத்திருந்தேன், கூட்டியிருந்தேன். திரும்ப வைக்கும் ஒரு வரியை எழுதவில்லை. சோதனையில் ஒரே முறை, ஒரே மூச்சில் தூக்கிப் பார்த்ததோடு சரி. அதில் இந்த ஓட்டை தெரியாது. பத்து வருடத்துக்கு முன் நாத்தனார் சொன்ன சொல்லையே மறக்காதவள் நான். இரும்புக்குப் போய் மறதியைக் கொடுத்துவிட்டேன்.

வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். திரையில் கொக்கியின் வளைவில் நீலம் பச்சையானது, மஞ்சளானது. எண்ணூற்றுப் பன்னிரண்டாவது தூக்கலில் சிவந்தது. சிவப்பென்றால் முறிவு. அறிக்கையில் லட்சம் முறை தாங்கும் என்று கையெழுத்திட்டிருக்கிறேன். மூன்று மாதமாக அந்தக் கொக்கி வேலையில் இருக்கிறது. கிரேன் ஓட்டுவது என் தம்பி. "என் கணக்குடா, பயப்படாமத் தூக்கு" என்று சொன்னவளும் நான்தான்.

அவசரத்தில் இரண்டு முறை வேறு யாரையோ அழைத்துவிட்டு, மூன்றாவது முறை தம்பியைப் பிடித்தேன்.

"இதுவரைக்கும் எத்தன தடவ தூக்கியிருப்ப?"

"அத யாருக்கா எண்ணுனா? ஒரு நாளைக்குப் பத்து இருக்கும்."

மனம் தானாகப் பெருக்கத் தொடங்கியது. பயந்து பாதியில் நிறுத்தினேன்.

"இப்ப தூக்குறியா?"

"சாப்பாட்டு நேரம்க்கா. சுமைய மேலயே விட்டுட்டு எறங்கிட்டேன். அஞ்சு பேரும் அதோட நெழல்லதான் உக்காந்திருக்கோம். சொகமா இருக்கு."

"எந்திரிச்சு ஓடுடா!"

"கனவு கினவு கண்டியா?" என்று சிரித்தான்.

"என் கணக்கு தப்புடா. தப்பு. ஓடு."

சிரிப்பு நின்றது. "டேய், எல்லாரும் எந்திரிங்க, தள்ளிப் போங்க" என்று அவன் கத்துவது கேட்டது. பாவிகள், ஓடாமல் சாப்பாட்டு டப்பாவை மூடினார்கள். ஒரு மூடி அழுந்தும் சத்தம் கேட்டது. இரண்டு. மூன்று. திரையில் அந்த வளைவு சிவப்பாகவே இருந்தது. நான்காவதும் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஐந்தாவது மூடிக்காகக் காத்திருந்தேன்.