பதினேழாம் வரி

இருபத்தாறு வயது முடிந்துவிட்டால் அந்த இசைக்குழுவின் தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது. அவளுக்கு அது முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள். போன வருடம் இதே தேர்வில் பாதியில் விரல் தடுக்கி, நின்று, மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தவள். இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான். அதனால் வீட்டில் ஒரு ஈ பறந்தாலும் அதன்மேல் எரிந்து விழுந்தாள்.

வீடு என்றால் இரண்டு அறை. முன்னறையில் அம்மாவின் தையல் மிஷின். பின்னறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, வயலின் வில்லை முழுதாக இழுத்தாலும் பீரோவில் இடிக்காத ஒரே கோணத்தில் இவள். காலையில் இரண்டு மணி நேரம் வயலின், பிறகு இன்சூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலம் இரண்டு மணி நேரம் மறுபடி வயலின். போட்டிக்கு வருகிறவர்களெல்லாம் பால்பல் விழுமுன்பே வாத்தியார் வைத்துக் கற்றவர்கள். இவள் வயலினைத் தொட்டதே பதினெட்டு வயதில், கல்லூரியில். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை அவள் வாங்கியது ஒரே வழியில்தான்: ஒரு வார்த்தை மறந்தாலும் முதலிலிருந்து ஒப்பிப்பது. வயலினையும் அப்படித்தான் பிடித்தாள்.

தேர்வுக்குக் கொடுத்திருந்த பாட்டின் பதினேழாம் வரியில் கை ஒரே தாவலில் வயலின் கழுத்தில் மேலேற வேண்டும். ஏறாது. சுருதி பிசகும். நிறுத்துவாள், பல்லைக் கடிப்பாள், முதல் வரிக்கே போவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது இந்தக் கூத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் குடிக்க முன்னறைக்கு வந்தாள். அம்மா யாருக்கோ சீருடை தைத்துக்கொண்டே முனகிக்கொண்டிருந்தாள். இவளுடைய பாட்டு. சுருதி பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் முனகல் நின்றது. மிஷினை மிதித்த காலும் நின்றது. அம்மா "ச்சே" என்றாள், கோபமே இல்லாமல். பிறகு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"அம்மா, நடுவுல ஏன் நிறுத்தின?"

"அங்க நிக்கணும்ல?"

"யாரு சொன்னா?"

"நீதான் தினம் நிக்கறியே. நின்னு, ஒரு ச்சே போட்டு, அப்புறம் மொதல்லேந்து. எனக்கு அந்த எடம்தான் பிடிக்கும். ஊசில நூல் கோக்க வசதியா இருக்கு."

அவள் தண்ணீர் டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"மூஞ்சிய ஏன் தூக்கி வச்சுக்கற? தப்பா பாடிட்டேனா?"

"இல்லம்மா. அச்சு அசலா நான் வாசிக்கற மாதிரியே பாடின."

தாவலை அல்ல, தடுமாறி நிற்பதைத்தான் இத்தனை மாதம் பாடுபட்டுப் பழகியிருக்கிறாள். முதல் பதினாறு வரிகள் தேய்த்து வைத்த பாத்திரம் போல் பளபளத்தன. அதற்குப் பிறகு ஒரே தூசி.

மறுநாள் அந்தத் தாவலை மட்டும் எடுத்தாள். நத்தை வேகத்தில் வாசித்து, காதால் திட்டுவதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தாள். குற்றவாளி விரல் இல்லை. தாவுவதற்கு முந்தைய சுரத்திலேயே கட்டைவிரல், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் வயலினின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் கை எப்படி நகரும்? நோட்டில் எழுதிவைத்தாள்: 'கோபம் வந்தால் முதலில் இறுகுவது கட்டைவிரல்.' அதைத் தளர்த்தி எட்டு முறை சரியாகத் தாவினால் போதும், அடுத்த இடம். சில நாள் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வந்தாள். முதலிலிருந்து தொடங்காததால், கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போனதுபோல் உடம்பெல்லாம் நமைச்சல் எடுத்தது.

"பாட்ட ஏன்டி துண்டு துண்டா வெட்டற?"

"நீ துணிய வெட்டாமலா தைக்கற?"

தேர்வு நாளில், வாசிப்பது யாரென்று நடுவர்களுக்குத் தெரியாதபடி ஒரு திரை. அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது: "பதினாலாவது வரிலேந்து வாசிங்க."

போன மாதமாக இருந்தால் அந்த வரியை எங்கே தொடங்குவது என்றே தெரிந்திருக்காது. வில்லை வைத்தாள். பதினேழு வந்தது, கட்டைவிரல் விட்டது, கை ஏறியது. அந்த நிம்மதிதான் வினையாயிற்று: இருபதாம் வரியில் ஒரு விரல் பிசகியது. வாய் மன்னிப்புக்குத் தயாரானது. வில் நிற்கவில்லை. போனது போகட்டும் என்று, திரையைக் கிழித்துவிடுகிறவள்போல் முறைத்தபடி கடைசிவரை வாசித்தாள்.

"போதும். வெளில இருங்க."

முக்கால் மணி நேரம் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். குமாஸ்தா ஒரு கற்றைத் தாளோடு வந்தார்.

"ஏழாம் நம்பர் நீங்கதானே? நாளைக்கு ரெண்டாவது சுத்து. இது புதுப் பாட்டு."

"இருபதாவது வரில தப்பு பண்ணேனே."

"அத ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?"

படியிலேயே உட்கார்ந்தாள். எட்டுப் பக்கம், ஒரே ஒரு சாயங்காலம். முதல் பக்கத்தைப் பார்க்காமலே புரட்டினாள், கை மாட்டிக்கொள்ளப்போகும் இடத்தைத் தேடி. ஆறாம் பக்கத்தில், மேலிருந்து நான்காவது வரியில் அது இருந்தது. பென்சிலை எடுத்தாள்.