சித்தப்பாவைக் கொன்ற வாயு

புதுக்கோட்டைக் கல்லூரியின் கருத்தரங்க அறையில் ஹரிணியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கடைசி வரிசையில் அப்பா ஆண்டிச்சாமி வந்து உட்கார்ந்ததை அவள் மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள். வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றவர், இப்போது சலவைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஆண்டிச்சாமி ஆவுடையார்கோவிலில் கழிவுநீர் லாரி வைத்திருக்கிறார். லாரி வாங்குவதற்கு முன்பு அவரும் தம்பி ராசுவும் கையால்தான் தொட்டி சுத்தம் செய்தார்கள். ஹரிணி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் தொட்டிக்குள் இறங்கிய ராசு ஏறி வரவேயில்லை. ஹைட்ரஜன் சல்பைடு வாயு அடித்துவிட்டது என்றார் மருத்துவர். அதன்பின் ஆண்டிச்சாமி எந்த ஆளையும் தொட்டிக்குள் இறங்க விட்டதில்லை.

அதே வாயுவைத்தான் மகள் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும், "ஒலகத்துல ஒனக்கு வேற கேஸே கெடைக்கலையா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு அவள் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆங்கிலத்தில் தொடங்கியிருந்த ஹரிணி, அப்பாவைப் பார்த்ததும் தேர்வாளரிடம் அனுமதி கேட்டுத் தமிழுக்கு மாறினாள். நம் ரத்தக்குழாய்களே சில வாயுக்களை மிக மிகக் கொஞ்சமாகத் தயாரித்துக்கொள்கின்றன என்றாள். நைட்ரிக் ஆக்சைடு அவற்றில் ஒன்று, ஹைட்ரஜன் சல்பைடு இன்னொன்று. குழாய்ச் சுவரின் தசையை அவை தளர்த்துகின்றன. குழாய் விரிந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. அந்த வாயுவைப் போதுமான அளவு தயாரிக்க முடியாத எலிகளுக்கு அழுத்தம் எகிறிப் போவதைப் படம் போட்டுக் காட்டினாள்.

"வந்திருக்கிறவங்க யாரும் கேள்வி கேக்கலாம்" என்றார் தேர்வாளர்.

ஆண்டிச்சாமி எழுந்தார்.

"இந்தக் கேஸுதான் என் தம்பிய அடிச்சுச்சு. அவன் ஒடம்புக்குள்ளயும் இது இருந்துச்சுங்கிறியா?"

ஹரிணி மைக்கைக் கீழே வைத்தாள்.

"இருந்துச்சுப்பா. சித்தப்பா ஒடம்பே அதச் செஞ்சு, ரத்தத்த நல்லா ஓட விட்டுச்சு. தொட்டியில இருந்தது ஒடம்பு தாங்காத அளவு. அம்புட்டு இருந்தா மூக்குக்கு நாத்தமும் தெரியாது. ரெண்டு மூச்சுல ஆளச் சாச்சுரும்."

"அவன் கூப்புட்டிருப்பான், எனக்குத்தான் காதுல விழலன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"கூப்புட நேரமே இருந்திருக்காதுப்பா."

அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹரிணி, தேர்வாளர் அடுத்துக் கேட்ட நாலு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அவர் அறிவித்தபோது முதலில் கைதட்டியது கடைசி வரிசைதான்.

வெளியே டீக்கடையில் ஆண்டிச்சாமி கேட்டார்: "எனக்கும் பிபி இருக்குல்ல? ஒடம்பே கேஸு செஞ்சு கொறைச்சுக்கும்னா மாத்திரை எதுக்குங்கிறேன்?"

"ஒங்களுக்கு அது மட்டும் பத்தலப்பா. மாத்திரைய நிப்பாட்டிப் பாருங்க, அப்பறம் இருக்கு ஒங்களுக்கு."

அவர் சத்தமாகச் சிரித்தார். டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"பாஸாயிட்டா. எல்லாம் தமிழ்லயே சொன்னா, நல்லா வெளங்குச்சு. அங்கிட்டு அத்தன பேரு முன்னால நானும் ஒரு கேள்வி கேட்டேன்ல!"