நீலக் கோட்டுக்கு முன்னால்

நிகோரா கணக்கை முழுவதும் அழித்துவிட்டு, முதலிலிருந்து மீண்டும் ஓட்டினாள். திரையில் சிவப்புக் கோடு நெடுந்தொலைவு தரையோடு தரையாகப் படுத்திருந்தது, பின்னர்த் தலைதூக்கியது, புள்ளிக் கோட்டைத் தொட்டது, அங்கே நிற்காமல் அதனைத் தாண்டி மேலே போயிற்று. புள்ளிக் கோடு, களிமண் தூணுக்குள் நுழையும் நீரில் உள்ள காட்மியத்தின் அளவு. சிவப்புக் கோடு, தூணைவிட்டு வெளியேறும் நீரில் உள்ளது. வாங்கியதைக் காட்டிலும் அதிகமான நஞ்சைத் திருப்பித் தரும் வடிகட்டி எங்கேனும் உண்டா?

"தோம்லா, இங்க வந்து இதக் கொஞ்சம் பாருங்க."

துர்தாலி அந்த ஆய்வு நிலையத்தின் மூத்த பேராசிரியர், எல்லாருக்கும் தோம்லா, அதாவது ஆசான். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே வந்து நின்றார்.

"குறியத் தப்பாப் போட்டிருப்ப. கூட்ட வேண்டிய இடத்துல கழிச்சிருப்ப."

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்."

"இன்னொரு தடவ பாரு. தின்ன புல்லவிட அதிகமான புல்லக் கக்குற பசுவ நான் பாத்ததில்ல."

"இன்னிக்குத் தின்னத இல்ல தோம்லா. ஒரு குளிர்காலம் பூராத் தின்னத சில வாரத்துலயே கக்கினா?"

தோம்லா மீண்டும் திரையைப் பார்த்தார். கிண்ணத்தை ஆட்டி ஆட்டித் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையத்தில் இரண்டு அறைகள் இருந்தன. மாடி அறை சாயத்துக்கு உரியது. கீழறை உலோகத்துக்கு உரியது. மாடியில் இருந்தவர்கள் தூய நீரில் சாயத்தைக் கரைத்து, மலைக்களிமண்ணில் ஊற்றி, மண் சாயத்தை உறிஞ்சிற்று என்று எழுதினார்கள். கீழே இருந்தவர்கள் தூய நீரில் காட்மியத்தைக் கரைத்து, அதே மண்ணில் ஊற்றி, மண் காட்மியத்தை உறிஞ்சிற்று என்று எழுதினார்கள். நிகோரா இரண்டுக்கும் தனித்தனியே சமன்பாடு அமைத்துக் கொடுத்தாள். மேலிடம் இரண்டு அறிக்கைகளையும் ஓர் ஊசியால் குத்தி இணைத்து, வேலை முடிந்தது என்றது. இரண்டையும் ஒன்றாகக் கரைத்துப் பார்க்கலாமே என்று அவள் ஒருமுறை கேட்டபோது, அது எந்த அறையின் பொறுப்பு என்பதை முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். அக்குழு ஒருநாளும் கூடவில்லை. கோக்சாய் வாய்க்காலில் சாய ஆலையின் கழிவும் முலாம் பட்டறையின் கழிவும் கைகோத்து ஓடின. படித்தவர்களின் கட்டடத்தில் மட்டும் அவை ஒன்றையொன்று கண்டதே இல்லை.

இன்று காலைதான் நிகோரா இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றோடொன்று பொருதவிட்டாள்.

"விருந்துக்குப் போனா நாம எப்படி உக்காருவோம் தோம்லா? வாசல விட்டுத் தள்ளி, உள்ளுக்குள்ள இருக்குற இடம் பெரியவங்களுக்கு. பெரியவர் ஒருத்தர் வந்தா, உக்காந்திருக்குற சின்னவங்க வாசல் பக்கமா நகரணும். வந்துக்கிட்டே இருந்தா நகந்துக்கிட்டே இருக்கணும்."

"சரி."

"மண்ணுல அந்த நீலச் சாயந்தான் பெரியவர். காட்மியம் சின்னவன். சாயம் மேலருந்து ஒவ்வொரு அடுக்கா எறங்குது. எறங்க எறங்கக் காட்மியத்த எழுப்பிக் கீழ தள்ளுது. மாசக்கணக்காப் பிடிச்சு வச்ச அத்தனையும் இப்ப அந்த நீலக் கோட்டுக்கு முன்னால, வாசல்ல, கூட்டமா நிக்குது."

"வாசல் தெறந்தா?"

"தண்ணி தெளிவாத்தான் வரும். சாயம் இன்னும் வெளிய வரலையே. பாக்குறதுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதன் பொருள் அவளுக்கே உறைத்தது. கோக்சாய் அவள் பிறந்த ஊர்; அவளுடைய சமன்பாட்டை நம்பி அங்கே நிறுவிய களிமண் தூண்தான் வாய்க்கால் நீரை வடிகட்டி ஊருக்குக் குடிக்கத் தந்துகொண்டிருந்தது. அவளுடைய அக்காள் மஸ்தூரா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மஸ்தூராவின் மருமகள் சனோபர் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். நிகோரா கைப்பேசியை எடுத்து அக்காளை அழைத்தாள்.

"ஓபா, தண்ணித் தூண்ல கண்ணாடிப் பட்டை இருக்கே, அதுல நீலம் எங்க நிக்குது?"

"சலாம் இல்ல, சௌக்கியமா இல்ல, புள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்த இல்ல! பட்டணத்துல மரியாதைய வித்துத் தின்னுட்டியாடி?"

"ஓபா, சொல்லுங்க. நீலம் எங்க?"

"போன வாரம் பாத்தப்ப அடியிலருந்து ஒரு சாண் இருந்துச்சு. எங்க தலைவர் எர்காஷோட இடுப்புவார் மாதிரி, நாளுக்கு நாள் எறங்கிக்கிட்டே வருது. ஏன்?"

நிகோரா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"சனோபர் எந்தத் தண்ணி குடிக்கிறா?"

"இது ஒரு கேள்வியா? தூண் தண்ணிதான். கிணத்துத் தண்ணி கலங்கலா இருக்குன்னு அவளுக்குன்னே தனியாக் குடத்துல பிடிச்சு வைக்கிறேன். உங்க சித்தி செஞ்ச தண்ணி, குடிம்மான்னு சொல்லிச் சொல்லித்தான் குடுக்கிறேன்."

"இனிமே ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க. கிணத்துத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுங்க. தலைவர்கிட்டச் சொல்லி வால்வ மூடச் சொல்லுங்க."

"நல்ல நாள் பாத்தடி! தூணப் பாக்க மாவட்டத்துலருந்து பெரிய மனுசங்க வர்றாங்க. அந்தத் தண்ணியிலதான் இன்னிக்கு ஊருக்கே புலாவ் வேகப்போகுது. நான் போயி மூடுன்னு சொன்னா, அகப்பையாலயே அடிப்பாங்க." மஸ்தூராவின் குரல் தணிந்தது. "நிகோரா, தண்ணிக்கு என்னடி ஆச்சு?"

வால்வை மூடச் சொல்லும் கடிதத்தில் கையொப்பமிடத் தோம்லா மறுத்துவிட்டார். அளந்து பார்க்காத எதற்கும் அவர் கையொப்பமிடமாட்டார். அளக்கும் கருவியோ அடுத்த வாரந்தான் காலியாகும். நீரை முகர்ந்துகூடப் பாராமல், இணைத்துக் கட்டிய அந்த அறிக்கையில் அன்று கையொப்பமிட்ட அதே கை அது. நிகோரா வாதாடவில்லை. கீழறைக்குப் போய்ச் சோடியம் சல்ஃபைடு கரைசலில் ஒரு சிறு குப்பி எடுத்துக்கொண்டு, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

பருத்தி வயல்கள் பின்னோக்கி ஓடின. குப்பியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். காட்மியம் இருக்கும் நீரில் அதனை ஊற்றினால் மஞ்சள் தோன்றும். மஞ்சள் தோன்றக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள். தன் கணக்குப் பிழையாக இருக்க வேண்டும், தான் முட்டாளாக வேண்டும், ஊரே கைகொட்டிச் சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கண்ணை மூடினால் சிவப்புக் கோடு ஏறிற்று.

கோக்சாயில் குளக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய இரும்பு அண்டாவில் இறைச்சியும் கேரட்டும் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே, தூணிலிருந்து பிடித்த நீர், வாளி வாளியாக வரிசையில் நின்றது. வாளிகளின் அடி தெரிந்தது.

"வாம்மா வா! நம்ம தண்ணி ராணியே நேர்ல வந்துட்டா!" தலைவர் எர்காஷ், கரை வைத்த அங்கி சரசரக்க எழுந்து வந்து, தேநீர்க் கிண்ணத்தை நீட்டினார். "வெயில்ல வந்திருக்க, மொதல்ல இதக் குடி."

நிகோரா கையை நீட்டவில்லை. நீட்டிய கிண்ணத்தை மறுப்பது அந்த ஊரில் முகத்தில் அறைவதற்குச் சமம். பந்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தலைவரே, இது எந்தத் தண்ணி?"

"உன் தண்ணிதான்."

"வால்வ மூடுங்க. அந்த வாளிகளக் கொட்டச் சொல்லுங்க. தண்ணியில வெசம் இருக்கு."

எர்காஷ் சிரித்தார், சிரிப்புக் கண்களை எட்டவில்லை. "நம்ம பொம்பளைங்க காலங்காலமாத் தலை கழுவுற மண்ணும்மா அது. எண்ணெ, பிசுக்கு, அழுக்கு எல்லாத்தையும் உறிஞ்சிரும். உனக்கு நான் சொல்லியா தெரியணும்?"

"உறிஞ்சும் தலைவரே. ஆனா தலையக் கழுவினதும் அந்த மண்ண நாம வழிச்சு எறிஞ்சுடுறோம். இங்க அதே மண்ணுலதான் போன இலையுதிர் காலத்துலருந்து ஊத்திக்கிட்டே இருக்கோம்."

"எண்ணெ கருகுது! நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அடுப்பு கையக் கட்டிக்கிட்டு நிக்குமா?" என்று சமையற்காரர் வாளியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"அண்ணே, ஒரே நிமிசம். ஊத்திடாதீங்க."

அவள் தூணருகே போனாள். கண்ணாடிப் பட்டையில் நீலம் அடியிலிருந்து நான்கு விரற்கடைதான் இருந்தது. உட்புறம் வெளுத்த ஒரு கிண்ணத்தை வாங்கிக் கழுவி, குழாயடியில் பிடித்தாள். மற்றொன்றில் கிணற்று நீர் எடுத்துவரச் சொன்னாள். முதலில் கிணற்று நீரில் குப்பியைச் சாய்த்தாள். அழுகிய முட்டையின் நாற்றம் பந்தலெங்கும் பரவியது.

"யாருப்பா அது, காலையிலேயே முள்ளங்கி தின்னுட்டு வந்தது?" என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. கிணற்று நீர் நிறம் மாறவில்லை.

குழாய் நீரில் சாய்த்தாள். துளிகள் விழுந்தன, கரைந்தன, ஒன்றும் நிகழவில்லை. நிகோராவின் நெஞ்சு விரிந்தது. இறைவா, நான் முட்டாள், நான் முட்டாளேதான் என்று அவள் உள்ளம் கூத்தாடத் தொடங்கிய அந்தக் கணத்தில், கிண்ணத்தின் நடுவில் நூல்போல ஒரு மஞ்சள் பிறந்தது. அது புகைபோல விரிந்தது. வெள்ளைக் கிண்ணம் முட்டையின் மஞ்சட்கரு நிறம் கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை.

எர்காஷ், தாம் குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அது பாதி காலியாக இருந்தது. பின்னர் நடந்துபோய் வால்வைப் பிடித்துத் திருகினார். சமையற்காரர் வாளிகளை உதைத்துக் கவிழ்க்கத் தொடங்கினார். பின்பு அந்நீர் குளத்துக்குத்தான் ஓடும் என்று எண்ணிப் பார்த்து, பாதியில் உறைந்து நின்றார். மாவட்டத்திலிருந்து முன்கூட்டி வந்திருந்த ஓர் அலுவலர் மட்டும் நிகோராவின் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டார்: "தண்ணி பாக்க நல்லாத்தானே இருக்கு? படம் மட்டும் எடுத்துக்கலாமா? யாரும் குடிக்க வேணாம்." ஒரு மனிதன் எத்தனை தேர்வுகளில் தேறினால் இப்படிக் கேட்க முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"சித்தி."

சனோபர் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மஸ்தூரா, தலைத்துணியின் முனையைப் பல்லால் கடித்தபடி. சனோபரின் இரு கைகளும் வயிற்றைச் சுற்றி இருந்தன. பாரம் தாங்குவதற்காக அன்று, எதையோ மறைப்பதற்காக.

"எப்பருந்து சித்தி?"

இந்தக் கேள்விக்குத்தான் நிகோரா அஞ்சிக்கொண்டு வந்திருந்தாள். விடை அவளிடம் இருந்தது. கோடு தலைதூக்கிய இடத்துக்கு நேர் கீழே விடை தேதியாக எழுதியிருந்தது.

"சரியாச் சொல்ல முடியாதும்மா."

"சித்தி."

"முசுக்கொட்டை பழுக்க ஆரம்பிச்சதுலருந்து இருக்கலாம்."

சனோபர் தலையாட்டினாள். "அப்பத்தான் வெயிலும் ஆரம்பிச்சுது. எனக்குத் தாகமும் அப்பத்தான் அதிகமாச்சு." அழவில்லை. "புள்ள அசையுறான். இப்பக்கூட அசையுறான். அசைஞ்சா நல்லதுதானே?"

"நல்லதுதான்மா. வா, இப்பவே பட்டணத்துக்குப் போவோம். ரத்தம், சிறுநீர் ரெண்டும் பாக்கணும். அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க."

"நான்தான்டி குடுத்தேன்," என்றாள் மஸ்தூரா. "கிணத்துத் தண்ணிய அவ கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

நிகோராவை ஏற்றி வந்த ஓட்டுநர் ஷவ்கத் இன்னும் போகவில்லை. புலாவுக்காகக் காத்திருந்தவர், இப்போது கதவைத் திறந்துவிட்டார். அக்காளும் தங்கையும் சனோபரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். கார் வயல்களுக்கிடையே விரைந்தது. சனோபர் அவ்வப்போது மூச்சடக்கி உள்ளே எதையோ கேட்டாள். அவள் மூச்சடக்கும்போதெல்லாம் மற்ற இருவரும் மூச்சடக்கினார்கள்.

பாதி வழியில் அவள் உதட்டை நாவால் நனைத்தாள்.

"தாகமா இருக்கா மகளே?" ஷவ்கத் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினார். "குடிம்மா. நல்ல தண்ணி, எங்க வீட்டுது. பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு."

சனோபர் அதனை வாங்கினாள். வெயிலுக்கு நேரே பிடித்தாள். உள்ளே ஒரு தூசுகூட இல்லை. அவள் திரும்பி நிகோராவின் முகத்தைப் பார்த்தாள். குடிக்கலாமா என்று வாயால் கேட்கவில்லை.

நிகோராவுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மருத்துவமனை வாசல் வரும்வரை அந்தப் பாட்டில் மூடி திறக்கப்படாமல் சனோபரின் மடியிலேயே கிடந்தது.